குசினித் துரையின் இரண்டாவது தட்டு

ஜப்பான்காரன் ஆட்சியில் பேராக் மாநிலமே மரவள்ளிக்கிழங்குக்கு அலைந்தபோது, ஞாயிறு தவறாமல் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் கத்தியும் முள்கரண்டியும் வைத்துப் பகல் சாப்பாடு சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் குசினித் துரைதான். அவர் சாப்பிட்டதும் மரவள்ளிக்கிழங்குதான். ஆனால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, முள்ளில் குத்தி, வாயை மூடிக்கொண்டு மெல்லுவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தில் மிஞ்சிய துரைத்தனம் முழுவதும் இவரிடம்தான் இருந்தது. பட்டம் அப்படி வந்தது.

ஏரி என்றால் பெரிய ஏரி அல்ல. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தில் மழைநீர் நிறைந்து, அக்கரையில் சுண்ணாம்புக் குன்றுகள் நிழல் விழுத்தும் இடம். போருக்கு முன் துரை ஞாயிறுதோறும் துரைசாணியோடு அங்கே கூடாரம் போட்டுத் தங்குவார். பின்னால் நின்று பரிமாறுவது இவர் வேலை. ஜப்பான்காரன் நெருங்கிய செய்தி வந்ததும் துரை காரில் கிராமபோனை ஏற்றினார், நாயை ஏற்றினார், சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். நாய்க்கு இடம் இருந்தது. சமையல்காரருக்கு இல்லை.

பங்களா சூறையானபோது தோட்டமே திரண்டு போய் கட்டில், கண்ணாடி, கதவுப்பிடி வரை கழற்றிக்கொண்டது. இவர் எடுத்தது கூடாரம், மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, தட்டு முட்டு, துரையின் பெரிய வெயில் தொப்பி. அடுத்த ஞாயிறு ரப்பர் பால் வாளி ஏற்றும் தள்ளுவண்டியில் அத்தனையும் ஏற்றி, தொப்பியை மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிட்டார்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கங்காணி மறிப்பார்.

“என்ன துரை, இன்னிக்கு விருந்துக்கு எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு.”

“இன்னொருத்தரு யாரு, டோக்கியோ ராஜாவா?”

“நீங்கதான் வாங்களேன்.”

“எனக்கு ஞாயித்துக்கிழமை ஆனா வயிறு சரியில்ல லா.”

வண்டி நகரும். பசி எங்களுக்கு வாரம் முழுவதும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டம் பூராவும் வயிறு கெட்டது. காரணம் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். துரைக்கு மாட்டிறைச்சி சமைத்த கை அது. அந்தக் கையால் லயத்தில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. கிராணிமார் வீட்டுக் கதை வேறு: குசினிக்காரனோடு சமமாக உட்காருவதாவது!

ஆக, அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவரை முறையாக அழைப்பார், ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தட்டு வைப்பார், எதிர் நாற்காலியைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு தட்டையும் கழுவி எடுத்து வருவார். மேசைத் துணிக்குக் கஞ்சி போடுவதற்கென்று அரை வயிற்றுக் கிழங்கை மிச்சம் பிடிப்பவர் அவர். “நீங்க சாப்பிடறதவிட துணி நல்லா சாப்பிடுதே அண்ணே” என்று நான் ஒருமுறை கேட்டேன். “அது நாலு பேரு முன்னால நிக்கப்போவுது தம்பி” என்றார்.

வினை தொப்பியால் வந்தது. ஏரிக்கு அக்கரையில் ரோந்து போன ஜப்பானியச் சிப்பாய்கள் தூரக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள்: வெள்ளைக் கூடாரம், வெள்ளை மேசை, வெயில் தொப்பி, இரண்டு தட்டு. வெள்ளைக்காரன் ஒருவன் ஒளிந்திருக்கிறான், கூட்டாளியும் உண்டு என்று முடிவுகட்டிவிட்டார்கள். மறு ஞாயிறு காலை ஒரு சார்ஜண்ட் ஐந்து சிப்பாய்களோடு தோட்ட ஆபீசுக்கு வந்து, மொழிபெயர்க்க என்னைக் கிளப்பினார். நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழி வகுப்பில் நான் கற்றிருந்தது வணக்கம் சொல்வதும் மன்னிப்புக் கேட்பதும் இன்னும் கொஞ்சமும்.

நாங்கள் போனபோது குசினித் துரை கைத்துணியை மடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “வயிறு சரியாப் போச்சா தம்பி?” என்றார். முந்தின நாள் அவர் அழைத்தது என்னைத்தான். நானும் எல்லோரும் சொல்வதையே சொல்லியிருந்தேன்.

தொப்பிக்குள் இருந்தது தமிழ்த் தலை என்பது சார்ஜண்டுக்கு ஏமாற்றம். ஆனால் இரண்டாவது தட்டை அவர் விடவில்லை. யாருக்கு அது?

“வர்றவங்களுக்கு.”

யார் வருவார்?

“யாரும் வர மாட்டாங்க.”

பிறகு எதற்கு வைக்கிறாய்?

“ஒரு ஆளுக்கு மேசை போட்டா அது மேசையா? ஜெயில் சாப்பாடு மாதிரில்ல இருக்கும்.”

நான் முடிந்தவரை மொழிபெயர்த்தேன். சார்ஜண்ட் நம்பவில்லை. உண்மையில் நம்பும்படியாகவும் இல்லை. விருந்தாளி வரும்வரை காத்திருப்போம் என்றார். பொழுது குன்றுக்குப் பின்னால் இறங்குவதற்குள் ஒருவரும் வராவிட்டால், இவன் யாரையோ காப்பாற்றுகிறான் என்று பொருள், விசாரணைக்கு ஈப்போவுக்குக் கொண்டு போவோம் என்றார். அப்படிப் போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு.

நாங்கள் ஏழு பேரும் லாலான் புல்லுக்குள் குப்புறப் படுத்தோம். அவர் மட்டும் மேசையில். ஆயுதம் தாங்கிய ஒரு படை அவருடைய விருந்தாளிக்காகக் காத்துக்கிடந்தது. அத்தனை பேர் அவருடைய விருந்தில் அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை.

புல் அசைந்தது. ஐந்து துப்பாக்கிகளும் நிமிர்ந்தன. குசினித் துரை எழுந்து மேசையைச் சுற்றி வந்து, எதிர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். வந்தது ஒரு உடும்பு. அது தண்ணீரில் இறங்கிப் போனது. அவர் நாற்காலியை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த முகத்தில் துப்பாக்கிப் பயம் இல்லை. வேறு எதையோ அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஒன்று நிச்சயமாகத் தெரியும்: யாரும் வரமாட்டார்கள். அவர் சொன்ன உண்மையே அவரைக் கொல்லப் போகிறது.

வெயில் சாயத் தொடங்கியதும் எழுந்து நின்று சட்டையைத் தட்டிக்கொண்டேன். “அந்தத் தட்டு என்னுடையது” என்றேன்.

காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று சார்ஜண்ட் கத்தினார்.

“நீங்கள் வேறு வேலைக்கு அழைத்துவிட்டீர்கள். மறுக்க முடியுமா?”

சரி, உட்கார்ந்து சாப்பிடு என்று கைகாட்டினார். உட்கார்ந்தேன். முள்கரண்டியை வாழ்நாளில் தொட்டதில்லை. ஓங்கிக் குத்தினேன். கிழங்கு எகிறி ஏரியில் விழுந்தது.

“என்ன பிடி தம்பி அது, மம்பட்டியா?” குசினித் துரைக்குப் பொறுக்கவில்லை. “முள்ளு எடது கையில லா!”

“அண்ணே, சும்மா இருங்க. துப்பாக்கி நிக்குது.”

“நின்னா நிக்கட்டும். முழங்கைய மேசையிலேருந்து எடுங்க மொதல்ல. பொறவு வாய மூடி மெல்லுங்க.”

சார்ஜண்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு வாங்குகிறவன் முகம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல்தான் இருக்கும். முன்பின் தெரியாதவனை யாரும் அவ்வளவு உரிமையோடு திட்டமாட்டார்கள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இத்தனை ஞாயிறு வந்தும் நீ கற்றுக்கொள்ளவில்லையா என்று என்னைக் கேட்டார்.

“எனக்குக் கொஞ்சம் மந்தம்” என்றேன், வாயிலிருந்த கிழங்கை விழுங்கிவிட்டு.

அவர் சிரித்தார். சிப்பாய்களும் உத்தரவு கிடைத்ததுபோல் சிரித்தார்கள். கூடாரம், மேசை, நாற்காலி, தொப்பி, தட்டுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கையில் இருந்த முள்ளை மட்டும் மறந்துவிட்டார்கள்.

வெறும் கரையில் நாங்கள் இருவரும் நின்றோம். “கிழங்கு எப்படி?” என்று கேட்டார். தேங்காய்ப்பாலும் மிளகும் போட்டு வாட்டியிருந்தார். அந்தப் பஞ்சத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அது ஒன்றுதான் என்று சொன்னேன். அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“நாளைக்கு...” என்று இழுத்தார். “மேசை கெடையாது. வயிறு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு அண்ணே. வாரேன்.”

கங்காணி காதில் விழும்படியாகத்தான் சொன்னேன். பாய் விரித்து, இரண்டு தகரத் தட்டு வைத்திருந்தார். அவர் கையால் சாப்பிட்டார். விருந்தாளிக்கு மட்டும் முள். ஜப்பான்காரன் போகும்வரை ஞாயிறுதோறும் போய்த் திட்டு வாங்கினேன். அதன்பின் அவர் தோட்டத்தை விட்டுப் போய், தாப்பா ஊரில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். தேடிப் போனேன். அங்கிருந்தும் போய்விட்டிருந்தார்.

பிற்பாடு பத்திரிகை வேலையில் எத்தனையோ பெரிய விருந்துகளில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் முள்ளை எடுத்தவுடன், வேண்டுமென்றே ஒரு கணம் வலது கையில் வைத்துக்கொண்டிருப்பேன். எதிரிலிருந்து யாரும் திட்டாததால், மெல்ல இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன்.