சங்குமுகத்தில் ஒரு பிரார்த்தனை

நாற்பத்திரண்டாவது வயதில் வெங்கடேஸ்வரனுக்கு ஓர் உண்மை உதயமாயிற்று. தாம் பிறந்து வளர்ந்த திருவனந்தபுரத்தைத் தாம் இதுவரை பார்த்ததே இல்லை! வலியசாலை அக்ரகாரத்திலிருந்து ஹஜூர்க் கச்சேரிக்குக் குமாஸ்தா வேலைக்குப் போவார். கச்சேரியிலிருந்து வலியசாலைக்கு வருவார். நடுவில் ஊர் என்று ஒன்று இருந்திருக்கிறது. காய்கறிப் பையும் கையுமாகக் குனிந்த தலை நிமிராமல் நடந்ததில் அது அவர் கண்ணில் படவில்லை.

கண்ணைத் திறந்தவை நாவல்கள். காதல் நாவல், துப்பறியும் நாவல், காதலித்துக்கொண்டே துப்பறியும் நாவல் என்று மதராஸிலிருந்து வந்த எதையும் மனிதர் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் கதாநாயகன் மணிக்கூண்டின் கீழ் நிற்கிறான். மியூசியத்தில் பெருமூச்சு விடுகிறான். கடைசியில் கடற்கரைக்குப் போகிறான். 'இதெல்லாம் நம் ஊரிலும் இருக்கிறதே!' என்று பொறி தட்டியது. அன்றே தீர்மானம் செய்துவிட்டார். அந்தந்த அத்தியாயத்தை அதற்கு ஜோடியான உள்ளூர் இடத்தில் உட்கார்ந்து படிப்பது. அதுவும் தனியாக.

தனியாக என்பதுதான் முக்கியம். தர்மபத்தினியைக் கூட்டிக்கொண்டு சூரியாஸ்தமனம் பார்த்த கதாநாயகனை அவர் எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை.

கச்சேரி விட்டு வரும் வழியில், கிழக்கேகோட்டையில் மேத்தன் மணி என்ற கடிகாரத்தின் கீழ் மர்மமாக நின்று பார்த்தார். மர்மப் பெண் யாரும் வரவில்லை. தெரிந்த கடைக்காரன் ஒருவன்தான் வந்து, "எந்தா சாமீ, வண்டி கிட்டியில்லே?" என்று வண்டி கிடைக்காததற்கு அனுதாபப்பட்டான். மறுநாள் மியூசியத்து மிருகக்காட்சிசாலையில் புலிக்கூண்டின் முன் பெருமூச்சு விட்டார். புலி கொட்டாவி விட்டது. போகட்டும், கடற்கரை ஒன்று பாக்கி இருந்தது. அப்போது கையிலிருந்த நாவலின் கடைசி அத்தியாயத்தைச் சங்குமுகத்தில், மாலை வெயிலில் படிப்பதற்காக, வாயைக் கட்டிப் பத்தியம் இருப்பவரைப் போல அதைத் திறக்காமலே வைத்திருந்தார்.

இடைஞ்சல் சூடாமணிதான். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் கடல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "கடல்னா என்ன, தண்ணிதானே? கொல்லையில கிணறு இருக்கு, போய்ப் பாரு" என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கடற்கரைக்கு என்று வாயைத் திறந்தால் அவள் முன்னால் போய் நிற்பாள்.

வெள்ளிக்கிழமை ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் வர நாழியாகும். சங்குமுகம் தேவிக்கு ஒரு பிரார்த்தனை. ஹெட்கிளார்க் வேலை கிடைக்கணும்னு நேர்ந்துண்டிருக்கேன்."

"கோவிலுக்கா? பின்னே நானும் வரேனே. அப்படியே கடலையும்..."

"அங்கப்பிரதட்சிணம்டீ!" என்று அலறினார் வெங்கடேஸ்வரன். "ஈர வேஷ்டியோட உருளணும். அங்கே வந்து நீ என்ன பண்ணப் போறே?"

சொன்ன பிறகு அவருக்கே தம்மை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. நேரமானாலும் சரி, மேலெல்லாம் மணலானாலும் சரி, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் தயார்! சூடாமணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இத்தனை பக்தி உண்டுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், உலர்ந்த வேஷ்டிக்குள் நாவலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசலில் வில்வண்டி நின்றது. வண்டிக்குள் அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மியும், கச்சேரியில் அவரோடு வேலை பார்க்கும் அவள் புருஷன் சுப்புவும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது கஜம் சரசரக்கச் சூடாமணி ஏறிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கே?"

"நன்னாருக்கு! சங்கல்பம் பண்றச்சே பத்தினி பக்கத்தில நிக்க வேண்டாமோ? தனியா உருண்டா பலன் பாதிதானாம். சாஸ்திரிகள் சொன்னார்."

"சாஸ்திரிகள்கிட்ட எதுக்குடி கேட்டே?"

"ஒரு குறை வரப்படாதோல்லியோ? தெரு பூராச் சொல்லியாச்சு."

"சரி, இவன் எதுக்கு?"

"உருளறச்சே வேஷ்டி அவுந்தாப் பிடிக்க ஒரு ஆள் வேணுமே, ஓய்!" என்றான் சுப்பு. "கச்சேரியிலேயும் சொல்லிட்டேன். எல்லாருக்கும் பரம சந்தோஷம்."

கோவிலில் சங்கல்பம் ஆயிற்று. சுப்பு அவர் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினான். "உருளப் போறவருக்குப் பை எதுக்கு? கொடுங்கோ" என்று சூடாமணி வாங்கிக்கொண்டாள். வெங்கடேஸ்வரன் உருண்டார். கடலின் இரைச்சல் காதில் விழுந்தது. கண்ணுக்குக் கிடைத்ததென்னவோ ஒரு புரட்டுக்கு ஆகாயம், மறு புரட்டுக்குத் தரை. "இடது பக்கம், ஓய்! தூண் இருக்கு!" என்று சுப்பு காலால் தள்ளித் திருத்திக்கொண்டே வந்தான்.

எலும்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தபோது சூரியன் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கடற்கரைக் கல்மண்டபத்தில் இரண்டு பெண்களும் வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். சூடாமணியின் மடியில் நாவல் இருந்தது.

"அந்தப் புஸ்தகம்..." என்று இழுத்தார்.

"வேஷ்டியை உதறினேன், விழுந்தது. கடைசி அத்தியாயந்தான் எனக்கும் பாக்கி. இப்போ முடிஞ்சது."

"உனக்குமா?"

"நீங்க கச்சேரிக்குப் போனதும் நாங்க ரெண்டு பேரும் தினம் படிக்கறதாக்கும். அதுக்கு முந்தின அத்தியாயத்தில கதாநாயகன் அம்மாகிட்டே பிரார்த்தனைன்னு புளுகிட்டுத்தானே கடற்கரைக்குக் கிளம்பறான்? ஆனா அவன் நெய்விளக்கு போடறேன்னுதான் சொன்னான். உருளறேன்னு சொன்னது உங்க சொந்தச் சரக்கு."

விஜயலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெங்கடேஸ்வரனுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் சூடாமணி அவரைப் பார்க்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்த அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டு, கிணற்றைக் காட்டிய நாளெல்லாம் நினைவுக்கு வந்து அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

"சரி சரி, பார்த்தாச்சோல்லியோ? கிளம்பு" என்றார்.

"நானும் இப்போ தேவிக்கு நேர்ந்துண்டுட்டேன். உங்களுக்கு அந்த வேலை கிடைக்கற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தோறும் இங்கே வரதா."

"ஹெட்கிளார்க் ரிடையராக இன்னும் நாலு வருஷம் இருக்கே!" என்றான் சுப்பு.

இருக்கட்டுமே என்று தோன்றியது வெங்கடேஸ்வரனுக்கு. வாரா வாரம் கடற்கரை, காற்று, கையில் ஒரு நாவல். வந்து சேர்ந்தது அதிர்ஷ்டந்தான்!

"வந்தாப் போதுமோல்லியோ?" என்று தாராளமாகக் கேட்டார்.

"எனக்கு வந்தாப் போதும்" என்றாள் சூடாமணி. "உருளறதை உங்க பேரில நேர்ந்துண்டிருக்கேன்."