ஏழு மார்க்குக்கு மேல் போடாத பையன்

அன்பும், அன்பைவிட ஒரு பிடி கூடுதலாகப் பயமும் கொண்டு மச்சான் அவர்களுக்கு எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே நீங்களும், அக்காவும், உங்கள் முட்டி வலியும் அடங்கி ஒடுங்கி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? அந்த அறையில் ஒருவர் கொட்டாவி விட்டால் இந்த அறையில் நமக்குத் தூக்கம் வரும். அந்த அறையில் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவள் என் பெண், உங்கள் மருமகள்.

"பையனைப் பத்தி நல்லா விசாரிச்சு எழுதுங்க, அப்புறம் நான் முடிவு சொல்றேன்" என்று சொன்னீர்கள். விசாரித்தேன் மச்சான். விசாரித்ததில் என் வலது கட்டைவிரல் போய்விட்டது.

பையன் இவளிடம் வந்ததே கட்டைவிரல் வலி என்றுதான். இவள் பிசியோதெரபி பார்க்கிற இடத்துக்கு நோயாளியாக வந்தவன், விரல் சரியான பிறகும் வந்துகொண்டிருந்திருக்கிறான். என்ன வேலை என்று கேட்டேன். வீடியோ கேம் விளையாடிப் பார்த்து, அது எப்படி என்று பத்திரிகையில் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிற உத்தியோகமாம். உங்கள் தங்கை கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "விளையாடறதுக்குச் சம்பளமா? அப்ப சம்பளத்துக்கு என்ன பண்ணுவான், விளையாடுவானா?" என்றாள். அவளுக்குத் துணி தைத்துத் தைத்து வாயும் கத்தரிக்கோலாகிவிட்டது.

சரி, விசாரிப்போம் என்று கிளம்பினேன். அவன் குடியிருக்கும் கட்டடத்தில் கேட்டால், "சத்தமே வராதுங்க, ஆள் இருக்கானான்னே சந்தேகமா இருக்கும்" என்றார்கள். வேலை செய்கிற இடத்தில் கேட்டால், "சொன்ன நேரத்துக்கு எழுதிக் கொடுத்திடுவாரு" என்றார்கள். இதை வைத்துக்கொண்டு பெண்ணைக் கொடுக்க முடியுமா? ஆகவே அவன் எழுதியதையெல்லாம் வாங்கிவந்து, பஸ் கிளம்புவதற்கு முன்னால் ஸ்டியரிங் மேலே விரித்துவைத்துப் படித்தேன். நான் படித்த படிப்பு உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் எழுத்து எனக்கே புரிந்தது. புரிந்ததுதான் கவலை.

கார் பந்தய விளையாட்டு ஒன்று. "வேகம் இருக்கிறது. எங்கே போகிறோம் என்பதுதான் இல்லை. ஐந்து." சண்டை விளையாட்டு. "அடிப்பவனுக்கு அலுக்காது, பார்ப்பவனுக்கு இரண்டாவது அடியிலேயே அலுத்துவிடும். நான்கு." பேய் விளையாட்டு. "முதல் கதவைத் திறக்கும்வரை பயம். பிறகு கதவு திறக்கிற வேலை. ஐந்தரை." உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிற நீளமான கதை விளையாட்டு ஒன்றுக்கு, "நாயகன் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகிறான். இதற்காகவே ஒரு மார்க் குறைத்திருக்கிறேன்" என்று எழுதி, ஆறு. இதை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அன்றைக்கு இரண்டு முறை, "அந்தப் பையன் வேற என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். அந்த இடத்தில் என் கட்சியில் ஒரு ஆள் குறைந்தது.

மச்சான், கட்டுக்கட்டாகப் படித்தேன். ஏழுக்கு மேல் ஒன்றுக்கும் இல்லை. அந்த ஏழும் ஒரே ஒரு விளையாட்டுக்கு, ஒரு விவசாய விளையாட்டுக்கு. "இதில் எதுவும் நடப்பதில்லை. நிறுத்தவும் மனம் வருவதில்லை." அவ்வளவுதான் விமர்சனம். நீங்கள் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிறவர், பாதி வகுப்பைப் பெயிலாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர், உங்களுக்கு இவன்மேல் மரியாதைகூட வரும். எனக்குப் பயம்தான் வந்தது. பெரிய பெரிய கம்பெனிக்காரன் கோடிக்கணக்கில் கொட்டி எடுத்ததற்கே ஐந்து போடுகிறவன், கோபம் வந்தால் மூன்று நாள் பேசாத, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற என் பெண்ணுக்கு எத்தனை போடுவான்? இதுதான் மச்சான் என் கவலை. சம்பளம் இல்லை, விளையாட்டு இல்லை.

ஒருவேளை அந்த விளையாட்டுகள் நிஜமாகவே மோசமோ, பையன் நியாயஸ்தனோ என்று பார்க்க ஆசைப்பட்டதுதான் நான் செய்த தப்பு. எங்கள் டிப்போ மெக்கானிக் ஒருவர், எல்லோரும் அவரை கிரீஸ் என்று கூப்பிடுவோம், தனிக்கட்டை. அவரிடம் டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி இருந்தது, பையன் எழுதிய விளையாட்டுகள் பலவும் அதில் இருந்தன. "எடுத்துட்டுப் போங்கண்ணே, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வீடியோ கேம் ஆடற ஒரே அப்பா நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். காலை ஷிப்ட் முடித்து வந்தால் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. திரையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

கார் பந்தயத்தில் கடைசியாக வந்தேன். இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன் கடைசியா என்று கேட்காதீர்கள். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. அங்கே கால் இல்லை, கட்டைவிரல். ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, கை காட்டுகிறார்கள் என்று நிறுத்தினேன். ஒருவரும் ஏறவில்லை. சண்டை விளையாட்டில் என் எதிரே ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள், எப்படி அடிப்பது என்று யோசிப்பதற்குள் அவள் அடித்து முடித்திருந்தாள். பேய் விளையாட்டில் முதல் கதவைத் திறக்கவே இல்லை. வெளியிலேயே நின்றேன். நிற்பதற்கே பயமாக இருந்தது. அதற்கு அவன் போட்ட ஐந்தரை அநியாயம், நான் எட்டு போடுவேன். மற்றபடி எல்லாவற்றிலும் அவன் எழுதியதே சரியாக இருந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடைசியாக விவசாயம். அங்கேதான் மச்சான் நான் விழுந்தேன். ஒரு வேலி, ஒரு வாளி, கொஞ்சம் முட்டைக்கோஸ். தண்ணீர் ஊற்றினால் வளர்கிறது. ஹாரன் அடிக்க யாரும் இல்லை, சில்லறை கேட்க யாரும் இல்லை, அடுத்த நிறுத்தம் எப்போது வரும் என்று பின்னாலிருந்து யாரும் தோளைத் தட்டுவதில்லை. ஒரு காளை கொடுத்து அதற்குப் பெயர் வைக்கச் சொன்னது. உங்கள் பெயரை வைக்கவில்லை என்று சத்தியம் செய்கிறேன். மத்தியானம் மத்தியானமாகப் போய், சாப்பிடுவதைக்கூட மறந்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். உங்கள் தங்கை வந்து, "இவ்வளவு ஊத்தறீங்களே, பால்கனியில ரெண்டு தொட்டி காய்ஞ்சு கிடக்கு, அது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் முதல் நாளே தெரியும் என்று தெரிந்தது.

விரல் வீங்கியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பெண்ணிடம் காட்டினேன், கியர் போட்டுப் போட்டு வந்த வலி என்றேன். அவள் இரண்டு விரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கியர் போடற வலி மணிக்கட்டுல வரும்ப்பா. இந்த இடத்துல வீங்கி நான் ஒரே ஒருத்தருக்குத்தான் பார்த்திருக்கேன்."

"யாருக்கு?"

"உனக்கே தெரியும். என்னப்பா விளையாடினே?"

"முட்டைக்கோஸ்."

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரைப் பத்தி நானே சொல்லியிருப்பேன்ல. எழுதினதைப் படிச்சு உளவு பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டு, விரலுக்குக் கட்டு மட்டும் அழகாகப் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மூடிய கதவு.

இதற்கு நடுவில்தான் போன ஞாயிற்றுக்கிழமை பையனே நேரில் வந்தான். பெட்டியையும், பொத்தான் அமுக்குகிற அதன் கன்ட்ரோலரையும் சோபாவிலேயே போர்வையால் மூடி வைத்திருந்தேன். அவன் போய் சரியாக அந்தப் போர்வை மேலேயே உட்கார்ந்தான். கன்ட்ரோலரில் எந்தப் பொத்தான் அமுங்கியதோ, டிவிக்குத் தானாக உயிர் வந்து, என் காளை வீடே அதிரக் கத்தியது. நான் உங்கள் தங்கையைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள். பையன் மட்டும் எழுந்து, போர்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க ஆடுங்க சார், நான் பார்க்கிறேன்" என்றான். கட்டுப் போட்ட விரலோடு ஆடினேன். வேலிக் கதவை மூடாமல் விட்டதில் ஆடுகள் முட்டைக்கோஸைத் தின்றன. ஒரே செடிக்கு நான்கு வாளி ஊற்றினேன். சாயங்காலம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் மச்சான். இந்தப் பொத்தானை அமுக்குங்கள், அந்தப் பக்கம் போங்கள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெண்ணாக இருந்தால் இரண்டே நிமிஷத்தில் "குடுப்பா இங்க" என்று பிடுங்கியிருப்பாள்.

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "தம்பி, எதுக்கும் ஏழுக்கு மேல போடமாட்டேங்கறீங்களே. என் பொண்ணுக்கு எத்தனை?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். பிறகு, "அவங்க எனக்கு எத்தனை போட்டிருக்காங்கன்னு தெரியுமா சார்?" என்றான்.

"எத்தனை?"

"ஆறு. அதுவும் போன மாசம்தான் ஏத்தினாங்க."

"ஆறரை!" என்று மூடிய கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சதுக்கு அரை."

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதல் வந்தவன் மாதிரி!

அவன் போன பிறகு எனக்கு அலுத்துப் போய்விட்டது. என் வீட்டில் நான் இதுவரை மார்க் குறைத்ததே இல்லை, எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்று சொல்லி வாழ்ந்தவன். இதை உங்கள் தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டே, "சொல்லுவீங்க. நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா மட்டும் தெரியாது" என்றாள். யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

இருந்தாலும் மச்சான், ஆறும் ஆறரையுமாகக் குடும்பம் நடக்குமா? களைத்து வீட்டுக்கு வந்தவளிடம், மார்க் எல்லாம் பார்க்காமல், நல்லா இருக்கே என்று சும்மாவாவது ஒருவன் சொல்ல வேண்டாமா? ஆகவே இந்த இடம் வேண்டாம் என்று தீர்மானமாக முடிவு செய்திருக்கிறேன். அதைப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு அது பழகிய தொழில். தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, உங்கள் வாயாலேயே சொல்லிவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். முட்டிக்குச் சூடு ஒத்தடம் வேண்டாம், இதமான பயிற்சிதான் நல்லது என்று கதவு வழியாக உங்கள் மருமகள் சொல்லச் சொன்னாள். உங்கள் கண்டிப்பு குறையாமல் நீங்கள் நூறாண்டு இருக்க வேண்டும், ஆனால் எங்களிடம் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வலது கட்டைவிரல் இல்லாமல் எழுதியதால் கையெழுத்து மோசமாக இருக்கும்
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இந்த வாரப் பத்திரிகை வந்தது. அந்த விவசாய விளையாட்டைப் பற்றிப் பையன் மறுபடியும் எழுதியிருக்கிறான். "நான் கொடுத்த மார்க்கை இதுவரை மாற்றியதில்லை. இந்த வாரம் மாற்றுகிறேன். விளையாட்டு மாறவில்லை. வாழ்க்கை முழுக்கக் கூட்டத்தைச் சுமந்து ஓட்டிய ஒரு பெரியவர், யாரும் அவசரப்படுத்தாத ஒரு மத்தியானத்தில், ஒரே செடிக்கு நான்காவது வாளி ஊற்றுவதைப் பார்த்தேன். எட்டு." உங்கள் தங்கை இதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள், மூன்றாவது முறை கதவும் திறந்தது. பெரியவர் என்று எழுதியதற்காக நான் ஒரு மார்க் குறைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். மேலே எழுதியதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். புறப்பட்டு வருவதை மட்டும் நிறுத்த வேண்டாம், நாள் குறிக்க ஆள் வேண்டும். வரும்போது இன்னொரு கன்ட்ரோலர் வாங்கிவரவும். மாப்பிள்ளை பாவம், எத்தனை நாள்தான் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். காளைக்கு உங்கள் பெயர்தான்.