வியர்வைக்கும் ஒரு ரிஜிஸ்டர்

"பன்னெண்டாவது படிச்சுப்போட்டா டாக்டரம்மா ஆயிருவியா கண்ணு? இது மருத்துவத் தாளு. உன்னால ஆவாது, உடு" என்றார் சூப்பர்வைசர் அண்ணன். அவர் சொல்லி முடிப்பதற்குள் தாளைப் பிடுங்கிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (தெரியாது என்று சொல்ல மட்டும் படிக்கவில்லை.)

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையருக்காக ஆடிட் வரப்போகிறது. தொழிலாளர் நல உதவியாளராக என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். ஆடிட் தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அம்மாவோடு பிசிறு வெட்டும் மேசை.

ஆடிட்டுக்காக பையர் அனுப்பிய அந்தத் தாளில் இருந்தது 'பாடி ஃபுளூயிட்ஸ்'. தையல் லைன் ஆட்களுக்குச் சொல்லித்தர, உடல் திரவங்கள் என்று போர்டில் எழுதினேன். அவை துணியில் பட்டால் மிஷினை நிறுத்திக் கை தூக்க வேண்டும். நான் கையுறையோடு வந்து துணியை மஞ்சள் பையில் போட்டு, ரிஜிஸ்டரில் எழுதுவேன். ரத்தம் என்று மட்டும் சொன்னால் படித்தவள் என்று எப்படித் தெரியும்? எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் நானே சேர்த்தேன்.

"வேர்வையுமா?" என்றார் தூத்துக்குடிப் பக்கத்து முத்துலட்சுமி அக்கா.

"சொட்டு விழுந்தாலும்தான்" என்றேன், கண்டிப்பாக.

ஆடிட் நாள், சித்திரை வெயில். ஆடிட்டர் உள்ளே நுழையவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஜெனரேட்டர் மிஷின்களை ஓட்டியது, ஃபேன்களை ஓட்டவில்லை. முத்துலட்சுமி அக்கா கை தூக்கினார்.

"எம்மா, எனக்குத் திரவம் வந்துட்டு!"

அடுத்த மிஷினில், "கண்ணு, எனக்கும் வந்துருச்சுங்க!"

லைன் முழுக்கக் கைகள். ஒரு மிஷினும் ஓடவில்லை. மூன்று மஞ்சள் பை நிறைய டி-சர்ட் திணித்தேன். குனிந்து எழுதியதில் என் நெற்றி வியர்வை ரிஜிஸ்டர் மேலேயே விழுந்தது. (அதை எந்தப் பையில் போடுவது என்று ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன்.)

ஆடிட்டர் தமிழர்தான். தாளை வாங்கித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் தெளிவாக இருந்தது: ரத்தம் கலக்காத வியர்வை இதில் சேராது. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் பார்க்கவில்லை.

"மறுபயிற்சி கொடுங்க. ரெண்டு வாரத்துல திரும்ப வருவேன்" என்று எழுதிவிட்டுப் போனார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ரெண்டு வாரம்மா. அப்புறம் மேசைதான்."

அழ நேரமில்லை. (அழுதால் அதற்கும் ரிஜிஸ்டர்.) சனிக்கிழமை கம்பெனிக்கு வரும் டாக்டரம்மா முன்னால் நோட்டுடன் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியாதுங்க, சொல்லிக் குடுங்க" என்றேன். அந்த வாக்கியத்துக்குத்தான் அதிகம் வியர்த்தது. ரத்தம் ஏன் ஆபத்து, வியர்வை ஏன் இல்லை, ஊசி குத்தினால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். திங்கட்கிழமை லைன் முன்னால் நின்று, "போன தடவை நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். இரண்டாம் ஆடிட்டில் ஆடிட்டர் கேட்டதற்கெல்லாம் முத்துலட்சுமி அக்காதான் பதில் சொன்னார், ஒரு பிழையில்லாமல். வேலை நிரந்தரமானது.

இன்றும் அடுப்படியில் அம்மாவுக்கு வேர்த்தால், "கண்ணு, திரவம் வருது, ஓடியா!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. கோயம்புத்தூரில் முதலுதவிப் பயிற்சியாளர் வகுப்பில் சேர்ந்து நான்கு வாரம் ஆகிறது.