பத்தொன்பதாவது ஒன்று

நாற்காலி மேல் ஏறி நின்று, சுட்டுவிரலால் மனிதகுல ஒற்றுமையை எண்ணிக்கொண்டிருந்தார் அப்துல் கையூம். பதினெட்டு வந்தது.

மறுபடி எண்ணினார். பதினெட்டேதான்.

லிட்டில் இந்தியா மண்டபத்தில் ஒருமைப்பாட்டு மன்றத்தின் ஆண்டு விழா தொடங்க இன்னும் இருபதே நிமிடம். மேடையை அடைத்துக்கொண்டு பேனர். அதில் மன்றத்தின் புதிய சின்னம்: பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் பேரெண். சின்னம் முடிவானபோது செயற்குழுவில் பத்தொன்பது பேர், ஆளுக்கு ஓர் ஒன்று. எவரும் இரண்டாமவராக இருக்கச் சம்மதிக்காத மன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணைக் கணிதம் இதுவரை தந்ததில்லை. மேலும் அது 'பகா எண்'. தன்னாலும் ஒன்றாலும் தவிர எதனாலும் வகுபடாது. நான்கு முறை பிளந்த மன்றம் இதைக் கேட்டுக் கண்கலங்கியது.

பேனரில் பிழை வந்தால் செயலாளர் பதவி பறிபோகும் என்று கையூமிடம் 'அன்போடு' சொல்லியிருந்தார் தலைவர் இஞ்ஞாசி.

கையூம் அச்சகத்துக்குப் போன் போட்டார். "வெங்கடேஷ், ஒரு ஒண்ணு கொறையுதே!"

"நீங்க அனுப்புன கமிட்டி லிஸ்ட்டைப் பார்த்து, பேருக்கு ஒண்ணா அடிச்சேன் சார். கரெக்ட்டா இருக்கும் லா."

தலைவர் வந்துவிட்டார். "யாரோட ஒண்ணு கொறையுது?"

"தெரியலைங்க தலைவரே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"மொதல்ல நிக்கிறது என்னுது. அது இருக்கில்ல? அப்பப் பிரச்சினையே இல்ல."

"அது என்னுது!" என்றார் துணைத்தலைவர் ஃபாரூக். "நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுங்க."

ஐந்தே நிமிடத்தில் பதினெட்டு ஒன்றுகளுக்கும் உரிமையாளர்கள் கிடைத்தார்கள். தன் ஒன்றைக் காணோம் என்று ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை.

கையூம் ஓரமாகப் போய் ஆஸ்மாவை அழைத்தார். கிளமெண்டியில் கணக்கு டியூஷன் எடுப்பவர். இந்த எண்ணை மன்றத்துக்குக் கண்டு சொன்னவரே அவர்தான்.

"டீச்சர், பதினெட்டு ஒண்ணு போட்டா வகுபடுமா?"

"வகுபடுமாவா? மூணு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு... உங்களுக்கு எதுல வேணும்ணே?"

"ஆளைக் கொஞ்சம் கொறைச்சுக்கிட்டா?"

"பத்தொம்பதுக்குக் கீழே ரெண்டே பேர் நின்னாத்தான் வகுபடாது. நடுவுல எதுவும் தேறாது."

செய்தி தலைவருக்குப் போனது. அவர் அவையை ஒரு சுற்றுப் பார்த்தார். "இன்னொருத்தர் எதுக்கு? நான் மட்டும் நின்னா?"

"ஒண்ணு பகா எண்ணே கெடையாதுன்னு சொல்லுங்கண்ணே," என்று சிரித்தார் ஆஸ்மா. "பத்தொம்பதாவது ஒண்ணு எங்கதான் போச்சு? பேனாவால ஒரு கோடு இழுத்து விடுங்க. நான் எம்ஆர்டி ரயில்ல வந்துட்டே இருக்கேன். புதுச் சேலை. மேடையில என் சீட்டுல யாரையும் உட்கார விட்டுடாதீங்க."

கையூம் மேடையைப் பார்த்தார். பதினெட்டு நாற்காலிகள். சென்ற வெள்ளிக்கிழமை அவரே தட்டச்சு செய்த தீர்மானம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது: 'போன வருடத் தீர்மானங்கள் என்னவாயின என்று கேட்டு ஒற்றுமைக்குக் குந்தகம் விளைவித்த செயற்குழு உறுப்பினர், ஏகமனதாக நீக்கப்படுகிறார்.'

பேனரில் பிழையே இல்லை.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

கையூம் நாற்காலிகளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"டீச்சர்... மன்றத்துலேர்ந்து உங்களுக்கு லெட்டர் இன்னும் வந்து சேரலையா?"