இன்னும் சின்னதாக ஒரு பெட்டி

“சத்தம் தாங்கலையாம்” என்றாள் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“யாருக்கு?”

“கீழ்வீட்டு டாக்டருக்கு. மாடிப்படியில நிறுத்திச் சொல்றாங்க. முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல எனக்கு.”

அவருக்கு ரோஷம் வந்தது. செயற்கைப் பல் செய்யும் லேபில் அவருக்கு ‘சைலண்ட் சார்’ என்றுதான் பெயர். நாள் முழுவதும் யார் யார் வாய்க்கோ பல் இழைத்துக் கொடுக்கிறவர், தம் வாயைத் திறப்பது சாப்பிட மட்டுமே. மனைவி மாலை ஷிஃப்டுக்கு மருந்துக் கடைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு ஜாஸ் கிட்டார் வாசிப்பார். வேறு எந்த வம்புதும்பும் கிடையாது.

மனைவி எதிரில் ஒரே ஒருமுறை வாசித்திருக்கிறார். வெட்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். முடித்து நிமிர்ந்தபோது அவள், “எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாக்கியத்தை அவளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

“ஜாஸ்ல சத்தம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கம்பளி போத்தின மாதிரி வெதுவெதுன்னு இருக்கும்.”

“கம்பளியோ கோணியோ, இன்னொரு புகார் வந்துது, கிட்டார் என் தம்பி வீட்டுக்குப் போயிடும். சொல்லிட்டேன்.”

தம்பிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சோபாவுக்கு மேலே ஆணி அடிக்கத் தெரியும். வருகிற விருந்தாளியெல்லாம் அதன் கீழே நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். தேடித் தேடி வாங்கிய கிட்டார் அது.

மறுநாளே கிட்டாருக்கான தம்முடைய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனார். கிட்டாரும் தோளில் இருந்தது.

“இதை எடுத்துக்கிட்டுச் சின்னதா ஒண்ணு குடுங்க. வீட்டுல பழகறதுக்கு மட்டும். பக்கத்து ரூமுக்குக்கூடக் கேக்கக் கூடாது.”

கடைக்காரர் எட்டு அங்குலப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். “வாசிச்சுப் பாருங்க சார்.”

அவர் வயரைச் செருகி, கண்ணை மூடி, மனோதர்மத்தில் இறங்கினார். ஜாஸில் எழுதி வைத்ததை வாசிப்பது பாதிதான். மீதி அந்த நேரத்தில் உள்ளேயிருந்து பொங்கி வரவேண்டும். அவருக்குப் பொங்கியது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் பியானோ பார்த்துக்கொண்டிருந்த தம்பதியைக் காணோம். கடைக்காரர் குனிந்து சத்தத்தைக் கூட்டும் குமிழை மளமளவென்று திருகிக்கொண்டிருந்தார்.

“எதுக்குங்க கூட்டறீங்க? குறைக்கத்தானே வந்திருக்கேன்?”

“உங்களுக்கு இது போதாது சார். அதோ அந்தப் பெரிசு. மேடைக்கே போதும்.”

“நான் வீட்டுல வாசிக்கறவன்.”

“அதனாலதான் சார் சொல்றேன்” என்றார் கடைக்காரர், சொந்தக்காரர் போன்ற அக்கறையோடு.

வியாபாரி புத்தி எங்கே போகும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, சின்னதையே வாங்கி வந்தார்.

இரண்டு நாள் ஊர் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் மனைவி வந்து நின்றாள்.

“இப்பதான் ரொம்பக் கேக்குதாம். தெளிவா வேற கேக்குதாம்.”

“தெளிவா இருக்குன்னா அது புகார் இல்லையே. அபிப்பிராயம்.”

“தம்பிக்கு போன் பண்ணட்டுமா?”

“இரு, இரு. கோளாறு எங்கன்னு புரிஞ்சுபோச்சு. சின்ன ஸ்பீக்கர்ல மேல்சுரம் குத்தும். ஜாஸுக்குத் தெளிவே ஆகாது.”

மேல்சுரத்துக்கான குமிழை அடியோடு குறைத்தார். பெட்டியின் மேல் மெத்தை விரிப்பை நாலாக மடித்துப் போர்த்தினார். காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல அது மூலையில் உட்கார்ந்திருந்தது. அவர் நிம்மதியாக வாசித்தார்.

கீழ்வீட்டு டாக்டர் கால்நடை மருத்துவர். அறுவை சிகிச்சை செய்த நாய்களை இரண்டொரு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்.

“நீங்க ஆரம்பிச்ச உடனே கட்டுப் போட்ட நாய்ங்க எல்லாம் சேர்ந்து ஊளையிட்டுதாம்” என்றாள் மனைவி. “உங்க உடம்பு எப்படியிருக்குன்னு டாக்டர் விசாரிச்சாங்க.”

“என் உடம்பை எதுக்கு விசாரிக்கணும்?”

“நல்ல மனசு. எனக்குத்தான் அவமானமா இருக்கு.”

“விசாரிப்பும் புகார்ல சேராது” என்றார் அவர் அவசரமாக. மனைவி பார்த்த பார்வையில் இந்தச் சட்டம் செல்லாது என்று தெரிந்துபோயிற்று.

மறுபடியும் கடைக்கு ஓடினார். இம்முறை கையகலத்தில் ஒன்று. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், அதன் சத்தம் கண்ணாடி டம்ளருக்குள் மாட்டிய வண்டு மாதிரி இருந்தது. கடைக்காரர் அதைத் துக்க முகத்தோடு பொட்டலம் கட்டினார்.

“நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க சார்.”

“ஒரு பெட்டியை வித்துட்டு ஏங்க இப்படி வருத்தப்படறீங்க?”

“அக்கம்பக்கத்துல குழந்தைங்க இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டார் கடைக்காரர்.

இந்த வண்டுப் பெட்டிக்குக் கீழ்வீட்டோடு எதிர்வீடும் சேர்ந்துகொண்டது. மனைவி அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள். அவருக்கு அவள்மேல் கோபம் இல்லை, இரக்கம்தான் வந்தது. உலகத்தில் இதைவிடச் சின்ன ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதைக் கொசுவுக்குத்தான் விற்கவேண்டும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பெட்டியே வேண்டாம், ஹெட்ஃபோன். கிட்டாரில் செருகி, காதில் கனமாக மாட்டிக்கொண்டார். உலகம் அணைந்துபோனது. கார் ஹாரன் இல்லை, குக்கர் விசில் இல்லை, தம் மூச்சுகூடக் கேட்கவில்லை. கிட்டார் மட்டும் மண்டைக்குள் தேனாக இறங்கியது. எந்தக் கூச்சமும் இல்லாமல் வாசித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போன மனைவி வெறுங்கையோடு திரும்பிவந்தாள்.

“நேத்து மாதிரி என்னிக்குமே இருந்ததில்லையாம்!”

“நேத்து ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்! இந்த வீட்டுல ஒரு ஈ பறந்தாக்கூட எல்லாருக்கும் கேட்டிருக்கும்!”

“அப்ப டாக்டர் பொய் சொல்றாங்களா?”

அவர் யோசித்தார். பிடிபட்டது. கால்! தாளம் போடுகிற இடது கால்தான் தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரையை இடிக்கிறது. அன்று மாலை பழைய மெத்தையை இழுத்துப் போட்டு, அதன்மேல் வெறுங்காலை வைத்து, ஹெட்ஃபோனோடு வாசித்தார். கால் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு பிடி கூடுதலாகவே பொங்கியது.

வாசித்து முடித்துக் கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது ஹெட்ஃபோனை யாரோ காதிலிருந்து பிடுங்கினார்கள். மனைவியின் தம்பி. கையில் பெரிய துணிப்பை. அவனுக்குப் பின்னால், மருந்துக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த மனைவி.

“மன்னிச்சுக்குங்க மாமா” என்றான் தம்பி. “அக்கா போன் மேல போன். எதிர்வீட்டுக்காரங்க கடைக்கே வந்துட்டாங்களாம். ஆணிகூட அடிச்சுட்டேன்.”

அவர் எதிர்க்கவில்லை. வயரைக் கழற்றி, கம்பிகளை ஒருமுறை துணியால் துடைத்து, கிட்டாரைத் தாமே பைக்குள் வைத்தார். ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இன்னொரு தவணை கொடுக்க அவள் தயாராக இல்லை.

அப்போதுதான் கீழ்வீட்டு டாக்டர் மூச்சிரைக்கப் படியேறி வந்து வாசலில் நின்றார். எல்லோருக்கும் முந்திக்கொண்டு மனைவி கைகூப்பினாள்.

“இத்தனை நாள் பொறுத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி டாக்டர். கிட்டார் கிளம்புது. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது.”

டாக்டர் பதறிப்போய்ப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, கிட்டாரை யாரு குறை சொன்னா? இருக்கறதுலயே பெரிய பெட்டியா ஒண்ணு வாங்கி வைங்கம்மா, உங்க வீட்டுக்காரர் கூடவே தொண்டை கிழியப் பாடறது எங்களுக்குக் கேக்காம இருக்கட்டும்!”