பூசணிக்கு ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர்

இந்த ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனி கேட்டில் உடைக்கப்போகும் திருஷ்டிப் பூசணி என் வீட்டில் காய்த்ததாகத்தான் இருக்கும் என்று கேண்டீனில் அத்தனை பேர் முன்னாலும் சபதம் போட்டேன். மேனேஜரே கை தட்டினார். சும்மாவா? கும்மிடிப்பூண்டியில் பைப் செய்யும் கம்பெனி எங்களுடையது. அதில் அன்புசெல்வனாகிய நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. பைப்பையே விடாதவன் பூசணியை விடுவேனா?

வீட்டுக்குப் பின்னால் வரிசையாகப் பூசணிக்கொடிகள் படர்ந்திருந்தன. போட்டது என் மனைவி நர்மதா. ஆர்.கே.பேட்டையில் அவள் அப்பா பூசணி பயிரிடுகிறவர். இருக்கட்டுமே. விதை யார் வேண்டுமானாலும் போடலாம். இன்ஸ்பெக்‌ஷன் யார் செய்வது?

தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் பிளேடும் கையுமாக இறங்கிவிடுவேன். கொடிக்கு ஓர் இலை சாம்பிள். அறுப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், கசக்கி முகர்வேன். பிறகு அடுத்த கொடி. பக்கத்து வீட்டு ஜெபா மதில் மேல் தலையை நீட்டினாள்.

“இன்னாக்கா, அண்ணன் செடிக்கு ஷேவிங் பண்றாரா?”

நர்மதா கீழே கிடந்த இலைகளைப் பொறுக்கினாள்.

ஒருநாள் ஓரத்துக் கொடியில் இலையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கொழுந்து சுருண்டிருந்தது. பிஞ்சின் மேல் கொப்புளம் கொப்புளமாக வேறு.

“நர்மதா, ஓடியா! டிசைனப் பாரு, புது வெரைட்டி!”

“வெரைட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வைரஸு. தேமல் நோவு. வேரோட புடுங்கிடணும்.”

“புடுங்கறதா? எங்க கம்பெனில எடுத்ததும் ஸ்கிராப்ல போட மாட்டோம். ரீவொர்க் பண்ணுவோம்.”

“இதுக்கு மருந்தே கெடையாதுங்க.”

“மருந்து எதுக்கு? நான் இருக்கேன் இல்ல?”

கெட்ட இலைகளை மட்டும் நறுக்கி எறிந்தேன். அந்தச் சூட்டோடு அதே பிளேடால் மற்ற கொடிகளிலும் சாம்பிள் எடுத்து முடித்தேன். கடமையில் நான் குறை வைப்பதே இல்லை. கொஞ்ச நாளில் அடுத்த கொடியிலும் மஞ்சள் திட்டு. அப்புறம் அதற்கடுத்ததில். நான் இன்ஸ்பெக்‌ஷன் போகும் அதே வரிசை! பாருங்கள், வைரஸுக்குக்கூட என் சிஸ்டம் பிடித்துப்போய்விட்டது.

நர்மதா பிளேடையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்கே நோய் வந்த கொடிகளைப் பிடுங்கிக் குழியில் புதைத்தாள். களையையும் சுத்தமாக எடுத்தாள். கடைசியில் என் பழைய மஞ்சள் ஹெல்மெட்டில் விளக்கெண்ணெய் தடவி மிச்சமிருந்த கொடிகளுக்கு நடுவே குச்சியில் மாட்டினாள்.

“இன்னாது இது? யாருக்கு சேஃப்டி?”

“அசுவினிப் பூச்சியும் வெள்ளை ஈயும்தான் இந்த நோவத் தூக்கினு திரியுது. மஞ்சளக் கண்டா வந்து ஒட்டிக்கும்.”

சாயங்காலம் டீயோடு பஜ்ஜியும் வந்தது. நர்மதாவின் குரலில் தேன் சொட்டியது.

“இன்னாங்க, கம்பெனில பெரிய ஆளு நீங்க. இங்க தரையில குந்திக்கினு எல எண்ணலாமா?”

“நல்லா கேட்ட. எனக்கே மனசுல இருந்துச்சு.”

“மாடில டிரம்முல ஒரு கொடி வெச்சிகீறேன். அப்பா குடுத்த ஸ்பெஷல் வெத. அத உங்களத் தவிர ஒருத்தரும் தொடக் கூடாது.”

“அப்போ கீழ இருக்கறது?”

“அது கூலி வேலைங்க. நான் பாத்துக்கறேன். நீங்க மாடிலேருந்து ஒரு பார்வ பாத்தா போதாதா?”

மார்பு ஒரு சாண் விரிந்தது. பதினைந்து வருஷ தாம்பத்தியத்தில் இன்றைக்குத்தான் என் அருமை அவளுக்குப் புரிந்திருக்கிறது! மாடியே கதியாகக் கிடந்தேன். இறங்கும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். பதவி என்றால் நாலு ஒழுங்குமுறை இருக்கத்தான் செய்யும். கழுவினேன். சாம்பிள் எடுத்து எடுத்து மாடிக்கொடியில் தண்டுதான் மிச்சம். ஆனால் டிஃபெக்ட் உள்ள இலை ஒன்றுகூட இல்லை!

ஆயுத பூஜை வந்தது. கீழ்த் தோட்டத்துப் பூசணி ஒன்றை நர்மதா என் கையில் கொடுத்தாள். சாம்பல் பூத்து, கட்டிப்பிடிக்கக் கை போதாத அளவு. கம்பெனி கேட்டில் அதை இறக்கி வைத்தபோது ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவதுபோல் இருந்தது எனக்கு.

மேனேஜர் அதைத் தட்டிப் பார்த்தார். “எங்க ஊட்டுக் கொடியெல்லாம் தேமல் வந்து போச்சுப்பா. நீ எப்படித் தடுத்த?”

“எல்லாம் நம்ம இன்ஸ்பெக்‌ஷன்தான் சார். சந்தேகமா இருந்தா ஊட்லயே கேளுங்க!”

அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“நர்மதா, சார் கேக்கறாரு. நோவு பரவாம எப்படிக் காப்பாத்துனோம்னு சொல்லு.”

“அதுல ஒண்ணும் பேஜாரு இல்ல சார். நோவு வந்த கொடிய புடுங்கிட்டேன். பூச்சிய ஹெல்மெட்டுல ஒட்ட வெச்சேன். பிளேடு வெச்சிக்கினு பரப்பினு இருந்தவர மாடிக்கு அனுப்பிட்டேன்.”