சீர்வரிசையில் வந்த கணினி

கடலூர் முதுநகர்,
14.10.2008, செவ்வாய்க்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் உடைய சபாபதி மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் இளவரசி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு அம்மா நலம். அப்பாவும் நலம். தனித்தனியாகக் கேட்டால் இருவருமே நலம்தான். ஆனால் விஜயதசமியிலிருந்து இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சிதம்பரத்தில் நீங்களும் அத்தையும் சேர்ந்தாற்போல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுத் தொலைபேசி அம்மா உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அப்பாவின் செல்போன் விடியும்போதே அவரோடு துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. தவிர, ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு உறவுமுறைக் கடிதம் பாடமாக இருக்கிறது. அதற்கும் பயிற்சியாக ஆயிற்று.

விஷயம், வைகாசியில் எங்கள் புதுவீட்டுக் குடிபுகலுக்கு நீங்கள் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த கணினியைப் பற்றியது. குத்துவிளக்கு, அண்டா, வாழைத்தார் எல்லாம் தாம்பாளங்களில் வர, மானிட்டருக்கு மட்டும் எந்தத் தாம்பாளமும் போதாமல் சாமிக்கண்ணு தாத்தா அதைத் தலையில் சுமந்து மேளத்துக்குப் பின்னால் நடந்து வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் தெருவில் அதற்கு முன் யார் வீட்டுச் சீரிலும் கணினி வந்ததில்லை. அம்மா அன்று நிமிர்த்திய தலையை இன்றுவரை இறக்கவில்லை. "பாண்டியில புத்தம்புதுசா எடுத்தது மாமா, பெட்டி கூட நேத்துதான் பிரிச்சோம்" என்று நீங்கள் அப்பாவிடம் சொன்னதும், விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்திருக்கிறதே என்று நான் கேட்டபோது, நன்றாகத் தட்டிச் சோதித்துப் பார்த்துத்தான் நல்ல கம்பெனிக்காரர்கள் அனுப்புவார்கள் என்று விளக்கியதும் என் நோட்டில் தேதியுடன் இருக்கின்றன.

ஆடி வரைக்கும் அது ஒழுங்காகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு நடை தளர்ந்தது. அதன் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய் அம்மா உலை வைப்பார், அரிசி களைந்து போடுவார், கணினி விழித்துக்கொண்டு இசைக்கும்போது சோறு வடிக்கும் பதமாக இருக்கும். அம்மாவுக்கு அது வசதியாகவே இருந்தது. புரட்டாசியில்தான் உறைய ஆரம்பித்தது. நான் கட்டுரை தட்டிக்கொண்டிருப்பேன், திடீரென்று அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றுவிடும், மவுஸை மேசை தேயும்வரை தேய்த்தாலும் அசையாது. அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், மறுபடியும் உறையும். நூலகத்திலிருந்து முப்பது நாளில் கணினி கற்கும் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து அதில் சொல்லியபடியே செய்தேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். தேவையற்ற படங்களை நீக்கினேன். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையையும் ஓடவிட்டேன். அப்போது திரையில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இடம் மாறும். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அத்தை முருங்கைக்கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே ஒரு மணி நேரம் அதைப் பார்த்தார். "ஏம் பாப்பா, கதெ எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். முப்பத்தெட்டு சதவீதத்தில் அது உறைந்தது. "தொடரும் போட்டுட்டாங்க" என்று எழுந்து போனார்.

இந்த இடத்தில் அம்மா அந்தக் கணினியை எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கவனக்குறைவால் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள். பிறந்த வீட்டுச் சீர் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. பெட்டியின் பின்னாலும் பக்கவாட்டிலும் பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கின்றன அல்லவா? ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட்டால் குறையாகிவிடும் என்று அம்மா எல்லாவற்றுக்கும் வைப்பார். ஆயுத பூஜையன்று மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு பொட்டுகள். நான்தான் எண்ணினேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே என்று கணினியைத் திறந்து உட்கார்ந்தேன், ஐந்தே நிமிடத்தில் உறைந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் போலக் கொதித்தது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஏலத்தில் மீன் எடுத்து ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

"சூடாவுதா? இத இன்னாத்துக்கு இவ்ளோ நாளா சொல்லல? பண்ருட்டி வரைக்கும் வஞ்சரம் கெடாம போவுது, கேவலம் இந்தப் பெட்டி கெட்டுப்பூடுமா?"

அரை மணி நேரத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்துவிட்டது. கணினியை அதற்குள் நிறுத்தி, இரண்டு பக்கமும் தடித்த பிளாஸ்டிக் பைகளில் உடைத்த ஐஸைக் கட்டி அணைகொடுத்தார். மாமா, இதை நீங்கள் நம்பமாட்டீர்கள், அது நாற்பது நிமிடம் மான்போல ஓடியது. "பாத்தியா? எல்லாத்துக்கும் ஐஸ்தான்" என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அறை முழுவதும் மீன் வாடை. இரண்டு பூனைகள் வந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தன. ஐஸ் கரைந்ததும் கணினி பழையபடி உறைந்தது. இன்னும் நெருக்கமாக வைத்தால் இன்னும் நன்றாக ஓடும் என்று சொல்லி, அப்பா திருப்புளியை எடுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். அங்கேதான் வந்தது வினை. மீன் எடுப்பவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் எடுக்கமாட்டார்கள். அப்பாவின் கை அதற்குப் பழகிய கை. தகட்டைத் தூக்கினார், உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரு விரலால் தடவினார், முகர்ந்தும் பார்த்தார்.

"வேலம்மா, இது புது சரக்கு இல்ல."

"இன்னா சொன்னீங்க?"

"செவுளு வெளுத்துப் போச்சி. இந்தத் தூசியப் பாரு, அஞ்சு மாசத்துத் தூசியா இது? ரெண்டு ஏலம் பாத்த சரக்கு. மச்சான் நல்லா ஐஸ் போட்டுத் தள்ளிட்டாரு."

"எந் தம்பி பழசத் தூக்கியாந்து சீர் வெக்கிற ஆளா? நீங்க அனுப்புற மீனு மாரின்னு நெனச்சீங்களா?"

"எம் மீனப் பத்திப் பேசாத."

"எந் தம்பியப் பத்தி நீங்க பேசாதீங்க."

அவர்கள் ஒருவரிடம் ஒருவர் நேராகப் பேசிய கடைசி வாக்கியம் அதுதான். அன்றிலிருந்து எல்லாமே என் வழியாகத்தான். அப்பா கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அம்மா, "கொழம்பு அடுப்புல இருக்குன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்பார். நான், குழம்பு அடுப்பில் இருப்பதாக அம்மா சொன்னதாகச் சொல்வேன். "எனக்குத் தெரியும்னு சொல்லு" என்பார் அப்பா. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதில் வகுப்பிலேயே இப்போது நான்தான் முதல். ஆனால் மாமா, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. படகுகளில் வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாம் பழுது பார்க்கும் இளவரசு அண்ணனை அப்பா அன்று காலை வரச் சொல்லியிருக்கிறார். அவர் முழுவதும் பிரித்துப் பார்த்துப் பழசு என்று சொல்லிவிட்டால் கணினியைச் சிதம்பரத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக அப்பா என்னிடம் சொல்லி அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். "சீர் திரும்பிப் போனா அது கூடவே நானும் போறேன்னு சொல்லு" என்றார் அம்மா. அதையும் சொன்னேன். இது வெறும் பேச்சில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் சூட்கேஸைத் திறந்து பார்த்தேன், ஐந்து புடவைகள் இருக்கின்றன. போன தடவைக் கோபத்துக்கு மூன்றுதான் வைத்தார். நேற்று மாலை கணினிக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுத் தெருமுனையில் கொட்டிவிட்டு வந்தார், அப்போது கண் கலங்கியிருந்தது. மிளகாயால் இருக்கலாம்.

ஆகவே மாமா, நான் உங்களைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை தற்செயலாக வருவதுபோல வாருங்கள். பாண்டிச்சேரிக் கடைக்காரர் கொடுத்த ரசீதை மறக்காமல் எடுத்துவாருங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே, சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல அதை எடுத்து அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் அது தெரிந்துவிட்டால் அம்மா புடவைகளைத் திரும்பப் பீரோவில் வைத்துவிடுவார்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் கணினிப் பயிற்சி நிலையத்தில் படிக்கும் எல்லோருக்கும் உறையாத கணினிகள் அமையட்டும். உங்கள் இருவரின் ஆசியும் எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நேர்மையின் மேல் மாறாத நம்பிக்கை உள்ள
ஞா. இளவரசி

பின்குறிப்பு (புதன்கிழமை மாலை): எட்டுப் பக்கக் கடிதத்தைக் கிழிக்க மனமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். இன்று புத்தகத்தில் நூற்றுப் பத்தொன்பதாம் பக்கம் வரை வந்தேன். பெட்டியில் உள்ள துளைகள் காற்று போய்வர என்றும், அவற்றை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது என்றும் அங்கே கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் கொண்டை ஊசியால் நூற்று நாற்பத்து நான்கு துளைகளிலும் இறுகிப்போயிருந்த சந்தனத்தைக் குத்தி எடுத்தேன். ஒரு கிண்ணம் தேறியது. மின்விசிறி சுற்றியது. இப்போது உலை கொதிப்பதற்குள் கணினி விழித்துவிடுகிறது, மூன்று மணி நேரமாக ஒரு தடவைகூட உறையவில்லை. "சுத்திப் போட்டதாலதான்" என்றார் அம்மா. "ஐஸு உள்ள எறங்கறதுக்கு நாளாவும், இப்பத்தான் எறங்கியிருக்கு" என்றார் அப்பா. இரண்டையும் ஒருவரிடம் ஒருவர் நேராகச் சொல்லி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. சந்தனத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. அப்பா கழற்றிவைத்த தகட்டின் உள்பக்கத்தைத் துடைத்தபோது தூசிக்கு அடியில் ஒரு வெள்ளை லேபிள் இருந்தது. அதில் உங்கள் பயிற்சி நிலையத்தின் பெயரும், ஆய்வகக் கணினி எண் 17 என்பதும், 2002ஆம் ஆண்டும், கீழே பச்சை மையில் 'கழித்துவிடலாம்' என்ற சொல்லும் ஒரு கையெழுத்தும் இருந்தன. அந்தக் கையெழுத்து என் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆகவே ரசீது கொண்டுவர வேண்டாம். எடுத்த சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, லேபிள் முழுவதும் மறையும்படி ஒரே பொட்டாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துத் தகட்டை மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இளவரசு அண்ணன் வந்தாலும் சாமிக்கு வைத்த பொட்டைச் சுரண்டமாட்டார். படகில் ஜி.பி.எஸ்ஸுக்கே பொட்டு வைக்கிறவர் அவர். வெள்ளிக்கிழமைப் பொட்டு வேலையை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பொறுப்பான பெண் என்று அம்மா பூரித்துப்போனார்.

சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். வரும்போது எனக்கு ஒரு தமிழ் அகராதி வாங்கி வாருங்கள். புதியது.